எழுதிக் கொடுத்த நாள்

வாழாத வாழ்க்கையை ராப்பில் பாடக்கூடாது என்பது சட்டம். வாழ்ந்தவர் பத்திரம் எழுதிக் கொடுத்தால் பாடலாம். கூவம் கரையில் தன் குடிசையை இடித்த நாளை, டெய்சி தன் மகள் ஷைனி பெயருக்கு எழுதிக் கொடுத்தாள். ஷைனி பிறந்ததே, குடிசை இழந்தவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய பெரும்பாக்கத்தில், எட்டாவது மாடியில்.

போட்டியில் மகள் பாடி முடித்ததும் கைதட்டல் ஓயவில்லை. டெய்சி மேடைக்குப் பின்னால் போனாள்.

“இன்னாடி ‘அழுதேன் அழுதேன்’னு பாடற? நான் எங்கடி அழுதேன்? புல்டோசர் முன்னாடி குந்திக்கினு அந்த ஆபீசர பாட்டாவே திட்டினேன். ஏரியாவே தாளம் போட்டுச்சு. அதான்டி ராப்பு.”

“மெல்லப் பேசும்மா. மாத்திப் பாடினது தெரிஞ்சா போட்டிய விட்டே தூக்கிடுவாங்க. அழுதாத்தான் ஜனம் கேக்குது.”

“அப்ப நானே பாடறேன், வுடு.”

மகளின் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு மேடையேறி முதல் வரியைப் பாடினாள். யார் பெயரில் உள்ள வாழ்க்கை என்று சரிபார்க்கும் மைக் தானாக அணைந்தது. காவலர் அதன் திரையைப் படித்தார்.

“இது வேற ஒருத்தர் பேர்ல இருக்கிற வாழ்க்கைம்மா. காப்பியடிச்சுப் பாடக்கூடாது.”

டெய்சி மகள் பக்கம் திரும்பினாள். “சொல்லேண்டி, யார் வாழ்க்கைன்னு.”

ஷைனி கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தாள்.

“என்னோட ஃபேன் சார். பாவம், மெதுவா கூட்டிக்கினு போங்க.”