பாதி முட்டை

‘டொக்!’

நைல் கரையில் மின்யா ஊர். ரமலான் மாதம். பகல் பன்னிரண்டு மணி. கீமோ வார்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவித்த முட்டையைத் தன் மொட்டைத் தலையிலேயே தட்டி உடைத்தாள் தெமியானா.

"முடி கொட்டினதுல இது ஒண்ணுதான் லாபம்!" என்று சிரிப்பு வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அந்த வார்டு நர்ஸ். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. இதில் முட்டை வாசனை வேறு.

துணைக்கு வந்திருந்த பெண்களும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"கிறிஸ்தவங்கன்னா நோன்பிருக்கிறவங்க முன்னாடி இப்படியா? எங்க பக்கத்து வீட்டுக்காரங்க தண்ணி குடிக்கக்கூட உள்ள போயிடுவாங்க."

"அது கிடக்கட்டும். அவங்களுக்கும் இப்ப தவக்காலம்தானே? ஈஸ்டர் வரைக்கும் முட்டை, பால், கறி எதையும் தொடக் கூடாதே!"

அதுதான் எனக்கும் புரியவில்லை. போன வாரம் டாக்டர் இவளிடம் கெஞ்சாத குறை.

"எடை இறங்கிட்டே போகுதும்மா. இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சா மருந்து ஏத்த மாட்டேன். தினம் முட்டை சாப்பிடுங்க."

"நாப்பது வருஷமா தவக்காலத்துல முட்டையைத் தொட்டதில்ல டாக்டர். எங்க பாதிரியாரே அனுமதி குடுத்துட்டாரு. என் தொண்டை குடுக்க மாட்டேங்குது" என்று சொன்ன அதே தெமியானாதான் இவள். ஒரு வாரத்தில் தொண்டைக்கு என்ன வந்தது?

நேராகப் போய்க் கேட்டேன். "ஏம்மா, திரையையாவது இழுத்து விட்டுக்கக் கூடாதா?"

"திரைக்குப் பின்னாடி தின்னா இவ எப்படிப் பார்ப்பா, மிஸ்?"

பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். அங்கே அத்தியாத்; அவளுக்கும் கீமோதான். கையில் தஸ்பீஹ் ஜெபமாலையின் மணி உருண்டுகொண்டிருந்தது. உதடு காய்ந்து கிடந்தது.

"எனக்கு வேணாம்னு இவகிட்ட சொல்லுங்க மிஸ். மின்யா ஊரே நோன்பிருக்கு. நான் மட்டும் தின்னா வெட்கக்கேடு" என்றாள் அத்தியாத்.

"நோயாளிக்கு நோன்பு கடமை இல்லைன்னு உங்க வேதத்துலயே இருக்குடி! அதை நான் வந்து உனக்குச் சொல்லித் தரணுமா?"

"உனக்கென்ன, வாய் கிழியப் பேசுவ. விரதத்தை விடுற கஷ்டம் விட்டவளுக்குத்தான் தெரியும்."

"அதான் விட்டுட்டேனே! இந்தா பாரு, முழுங்கிட்டேன். கூரை இடிஞ்சு விழுந்துதா? மிச்சப் பாதி உனக்கு. பாவம் வந்தா அதுலயும் ஆளுக்குப் பாதி."

அத்தியாத் கண்ணை இறுக மூடிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிப்பதுபோல் முழுங்கினாள்.

"நாளைக்கும் வருவேன்டி. அடுத்த தெருதானே? பன்னெண்டு மணிக்கு டாண்ணு உன் வீட்டு வாசல்ல முட்டையோட நிப்பேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முணுமுணுத்தவர்களிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். எல்லோருடைய கோபமும் அப்படியே அத்தியாத் பக்கம் திரும்பியது. என்ன பிடிவாதம் பிடித்த பொம்பளை! இவளுக்காக அந்தப் புண்ணியவதி நாற்பது வருஷ விரதத்தையே விட்டாளே!

மூன்று வாரம் ஓடியது. தெமியானா ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தாள். மருந்து ஒரு நாள்கூட நிற்கவில்லை.

"ஈஸ்டருக்கு மறுநாள் நாங்க ரெண்டு பேரும் நைல் கரைக்குப் போறோம் மிஸ். சாயம் பூசின முட்டையை அங்க வெச்சு உடைக்கணும். அதுக்குள்ள எனக்கு முடி முளைச்சிடாம பாத்துக்கோங்க!"

வார்டே சிரித்தது.

இன்று பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், படுக்கை விரிப்பு எடுக்கத் துணி அறைக்குப் போனேன். கதவுக்குப் பின்னால், மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள் அத்தியாத். மடியில் காகிதம். காகிதத்தில் ரொட்டி, அவரைக் கூட்டு, இரண்டு முட்டையின் ஓடு. வாய் கொள்ளாமல் மென்றுகொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் நோன்பே முறிந்திருக்கும்.

"நல்லாயிருக்கு நியாயம்! அங்க அவ உனக்காக விரதத்தை விட்டுட்டுக் கெஞ்சிக்கிட்டிருக்கா. நீ இங்க ஒளிஞ்சு தின்னுறியா? அல்லாஹ்வுக்கும் பொய், அவளுக்கும் பொய்யா?"

அத்தியாத் பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"மெதுவா, மிஸ்! அவ காதுல விழுந்துடப் போகுது. அல்லாஹ்வுக்கு நான் பொய் சொல்லல. முதல் நோன்பு அன்னிக்கே எங்க பள்ளிவாசல் ஷேக் சாப்பிடச் சொல்லிட்டாரு. அன்னிலேருந்து மூணு வேளையும் தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னிக்கு அவ விடிஞ்சதும் என்னைக் கூப்பிட வந்துட்டா, வீட்ல தின்ன முடியல."

"அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?"

"டாக்டர் சொல்லிக் கேட்டாளா? பாதிரியார் சொல்லிக் கேட்டாளா? தனக்காகன்னா அவ செத்தாலும் முட்டையைத் தொட மாட்டா, மிஸ். என்னைத் தின்ன வைக்கணும்னாதான் தொடுவா."



வார்டிலிருந்து ‘டொக்’ என்று சத்தம் கேட்டது. கூடவே தெமியானாவின் குரல்: "அடியே அத்தியாத்! எங்கடி ஒளிஞ்சுக்கிட்ட? முட்டை ஆறுது!"

அவசர அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டாள் அத்தியாத். வயிற்றைத் தடவியபடி எழுந்தாள்.

"ரெண்டு முட்டை ஏற்கெனவே உள்ள இருக்கு. அதுக்கு மேல அவளோட பாதியையும் வாந்தி எடுக்காம உள்ள தள்ளணும். இந்த வருஷம் எனக்கு அதுதான் மிஸ் நோன்பு."

முகத்தை வாட வைத்துக்கொண்டு, தஸ்பீஹை உருட்டியபடி வார்டுக்குள் போனாள்.