கூட்டு முறிந்த வெள்ளிக்கிழமை

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையின் இந்த வாழையிலைக் கடைக்கு மதியம் வரும் பொறியாளர் எவரும் தம் நிறுவனத்துச் சேதியை வாய்விட்டுச் சொல்வதில்லை; பக்கத்து மேசையில் இருப்பவர் கூட்டாளியா போட்டியாளரா என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ரக்ஷனாவும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவள்தான். ஆனால் இன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எதிரே குழம்பை வழித்து உண்கிற யதீசன், அவளோடு படித்தவன், வேறொரு நிறுவனத்தில் இருந்துகொண்டு அவளுடைய மென்பொருள் நிறுவனத்துக்கென்றே மூன்று ஆண்டுகளாக ஒரு கணினிச் சில்லை வடிவமைத்து வருகிறான். அந்தச் சில்லைக் கைவிடும் முடிவு காலையில் அவளுக்குத் தெரிவிக்கப்பட்டது. அவனுக்கு இன்னும் தெரியாது. சன்னல் வெயில் எவர்சில்வர் குவளையில் பட்டு அவன் மோவாயில் ஆடுகிறது.

"என்ன லா, மீன் தலையை இப்படி முறைக்கிற? அதுவும் போட்டிக் கம்பெனியா?" என்று சிரிக்கிறான். அப்பளம் நொறுங்குகிறது. "பினாங்குல வேலைக்குக் கூப்பிட்டாங்கல்ல, சாப்பிட்டதும் வேணாம்னு மெயில் போடப்போறேன். இந்தக் கறியை விட்டுட்டு யாரு போவா?"

அடுத்த மேசையில் அவளுடைய மேலாளர் தயிர் கேட்கிறார். பரிமாறுபவரின் வாளி தரையில் உரசுகிறது. ரக்ஷனா முதுகை நிமிர்த்திக்கொள்கிறாள், குரலைத் தாழ்த்தவில்லை.

"அந்த மெயிலை அனுப்பாத, யதீ. உங்க சிப் வேணாம்னு எங்க ஆஃபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க."