முதல் பிள்ளைக்காரி

குழந்தை பால் குடித்ததும் கொஞ்சம் கக்கியது. அவ்வளவுதான், பூதலூரில் எங்கள் வீட்டில் டாக்டர் தேர்தல் தொடங்கிவிட்டது.

விதைநெல்லுக்குக்கூட என் மாமனார் ரெத்தினம் இத்தனை பேரிடம் விசாரித்ததில்லை.

"பஸ் ஸ்டாண்டு டாக்டர் ஊசியே போட மாட்டாராம். அவரெல்லாம் ஒரு டாக்டரா?" என்றார்.

"கோயில் தெரு டாக்டர் சின்னப் பையன். இன்னும் மீசையே மொளைக்கல" என்றார் மாமியார்.

"தோள்ல போட்டுத் தட்டி ஏப்பம் விட வச்சாப் போதும் மாமா" என்றேன்.

"மொதப் புள்ளைக்காரி, உனக்கு என்னம்மா தெரியும்? சும்மா இரு."

குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டேன்.

கடைசியில் தஞ்சாவூர் டாக்டர் லியோ ஜெயித்தார். கைராசிக்காரராம். வாசலில் எப்போதும் கூட்டமாம். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? கார் பிடித்துப் போனோம்.

என்னைப் பார்த்ததும் டாக்டர் லியோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வாங்க டாக்டர் எழில்மொழி! உங்க பிரசவ லீவு எப்ப முடியுது? எம் பேரனை உங்ககிட்டதான் காட்டணும்னு மருமக ஒத்தக்கால்ல நிக்கிறா."

பிறகு குழந்தையைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. தட்டி ஏப்பம் விட வைங்க, போதும்."

கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே 'குழந்தை மருத்துவர்' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்ன அதே மாமனார், வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"இந்த ஆளுக்கும் ஒண்ணும் தெரியல. கும்பகோணத்துல ஒருத்தர் இருக்காராம்."