நளீராவின் முறை

"அடைச்ச குழாயக் கம்பி விட்டு ஒரு குத்து குத்துனா தொறந்துக்காதா மிஸ்?"

துஷாந்த் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீடுகளின் தண்ணீர்க் குழாய் அடைத்தால் அவன் அதைத்தான் செய்வான்.

"இது ஒங்க சம்சாரத்தோட நெஞ்சு வரைக்கும் போற குழாய்," என்றாள் நர்ஸ். "உள்ள ரத்தம் கட்டியிருக்கு. கரைய மருந்து போட்டிருக்கேன். பொறுங்க."

"அதுவரைக்கும் ரத்தம் சுத்தம் பண்ற மெசின்?"

"அடுத்த ஆள் வந்தா அவங்களுக்குத்தான். முறைய மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. இவங்கள நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

கட்டிலில் சுதர்ஷினி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கிக் கிடந்தது. மடுல்சீமைக்கு அந்த மலை ரோட்டில் திரும்பிப் போனால் நாளை வரை தாங்குவாளா?

அதற்குள் அடுத்த முறைக்காரர் நளீரா, மகள் பர்ஸானாவோடு வந்துவிட்டார். பதுளை பஜாரில் துணிக்கடை உள்ள வீட்டம்மா.

"அம்மா, இவ குழாய் அடைச்சிருக்கு. தொறக்கிற வரைக்கும் நீங்க கொஞ்சம் பொறுத்துக்குவீங்களா?" துஷாந்த் கெஞ்சினான்.

நளீரா சுதர்ஷினியைப் பார்த்தார். நர்ஸைப் பார்த்தார்.

"என்ட முறைய நான் ஏன் உடணும்? மிஸ், மெசின் எனக்குத்தான். பகல் ளுஹர் தொழுதுட்டு வாறேன். வேற ஆரையும் போட வாணாம்."

போனவர் போனவர்தான். மெசின் சும்மா கிடந்தது. தானும் படுக்காமல், அடுத்தவரையும் படுக்க விடாமல் இதென்ன பக்தியோ!

நர்ஸ் வந்து குழாயில் சிரிஞ்சை மாட்டி இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி இழுத்தாள். ரத்தம் தடையில்லாமல் வந்தது.

"தொறந்திருச்சு! அந்த உம்மாவ இன்னும் காணோமே. மெசின சும்மா போட்டு வைக்க ஏலாது," என்று சுதர்ஷினியை மாட்டிவிட்டாள்.

மெசின் ஓடத் தொடங்கிய பிறகுதான் நளீரா வந்தார்.

"இனி ஒங்களுக்குக் கடைசி முறைதான். வீடு போக இருட்டிரும்," நர்ஸ் கடிந்துகொண்டாள்.

"நிம்மதியாத் தொழவும் ஏலாத எடமாப் போச்சு," என்று முணுமுணுத்தபடி நளீரா வெளியே போனார்.

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டே துஷாந்த் தேத்தண்ணி வாங்கக் கிளம்பினான். வாசல் பெஞ்சிலிருந்து பர்ஸானாவின் குரல் கேட்டது.

"உம்மா, ளுஹர ஊட்டிலயே தொழுதுட்டுத்தானே வந்தீங்க?"

"மெதுவாப் பேசு மகள், மிஸ்ஸுக்குக் கேட்டுரும். இது, அந்தப் புள்ளைட குழாய் தொறக்கணும்னு தொழுதது."