பெயரோடு வந்த வழக்கு

ஜெபசெல்வியின் பெயரைக் கைப்பேசியில் தேடினால் முதலில் அந்த வழக்குதான் வந்தது. வாடகை பாக்கிக்காக வெளியேற்றப்பட்டவள். தூங்கிக்கொண்டிருந்த அவள் குழந்தைமேல் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது என்பதும், அதைச் சரிசெய்யச் சொல்லித்தான் வாடகையை நிறுத்தினாள் என்பதும் அதில் இல்லை. அதன்பின் வாடகைக்குப் பார்த்த வீடுகளிலெல்லாம், "வேற ஆளு வந்துட்டாங்க" என்றார்கள்.

இந்த வீட்டில் பெயரைச் சொல்லுமுன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வீட்டுக்காரம்மா அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் விளக்கைப் போட்டாள்.

"இந்த மூலைல ஒழுகும்மா. யாருக்கும் காட்டினதில்ல."

"எப்போ சரி பண்ணுவீங்க?" கேட்டதுமே ஜெபசெல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டாள். "நாளைக்கே கொத்தனாரை வரச் சொல்றேன். நீயும் வந்து பக்கத்துல நில்லு."