யானை போட்ட லெட்டர் பேட்

தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனி ஒன்றுக்கு லெட்டர் பேட் தேவைப்பட்டது. முதலாளியே அச்சகத்துக்கு வந்து காகிதங்களில் கையெழுத்துப் போட்டுப் பார்த்தார். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் மை காயாமல் விரலில் ஒட்டியது. பாண்ட் பேப்பரில் உடனே காய்ந்தது.

"இதுதான்!" என்றார்.

பாண்ட் பேப்பருக்குத் தலைகால் புரியவில்லை. "என்மேல கடிதம் எழுதப் போறாங்க!"

மாதிரிக்கு ஒன்று அடித்தார்கள். கம்பெனிச் சின்னமான யானை அதன் மூலையில் வந்து நின்றது.

"இத்தனூண்டு இருந்தா என்னை எலின்னுல்ல நினைப்பாங்க! கொஞ்சம் தள்ளிக்கோ" என்றது யானை.

முதலாளிக்கும் அதே நினைப்பு. "யானையைப் பெருசாக்குங்க" என்றார்.

அடுத்த மாதிரியில் யானை பாதித் தாளுக்கு வளர்ந்தது. அப்புறமும் பெருசாக்கச் சொன்னார். தும்பிக்கை மேல் ஓரத்தையும் கால்கள் கீழ் ஓரத்தையும் தொட்டன.

"அண்ணே, கடிதத்துக்கு இடம்?" என்றது பேப்பர்.

"என்னைப் பார்த்த பிறகு கடிதம் யாருக்கு வேணும்!" யானை பிளிறியது.

லெட்டர் பேட் கட்டுக்கட்டாகக் கம்பெனிக்குப் போனது. முதல் கடிதம் எழுத முதலாளி ஆசையாகப் பேனாவைத் திறந்தார். இடம் தேடினார். பிறகு தாளைத் திருப்பிப் போட்டார். யானை மேஜைமேல் குப்புற விழுந்தது.

"எழுதறாரு, எழுதறாரு!" என்று துள்ளியது பேப்பர்.

"என்னைப் பத்தியா?" யானை கீழேயிருந்து கத்தியது.

"ஆமாண்ணே! அச்சகத்துக்கு எழுதறாரு: 'யானை பிரமாதம். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்க.'"