சூசை மேல் ஒரு புகார்

பாலாய்க் கலங்கியிருக்க வேண்டிய பாக்டீரியாக் குடுவை தண்ணீராய்த் தெளிந்து கிடக்கவும், தமயந்திக்குத் தலைக்கேறிவிட்டது. குடுவை கழுவும் சூசைதான் சோப்பை மிச்சம் வைத்திருப்பார் என்று ஆய்வகமே கேட்கக் கத்தி, புகாரும் எழுதிக் கொடுத்தாள். அப்புறம்தான் அம்மணிக்கு மைக்ராஸ்கோப் ஞாபகம் வந்தது. சூசை தொடாத, அவளே பூட்டி வைத்திருந்த சோதனைக் குழாயிலும் அதே கூத்து. நாலு நாள் கல்யாணத்துக்குப் போனவள் தீனி மாற்றவில்லை. வளர்வதற்காகத் தம் செல் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாய் வெட்டிக்கொள்ளும் உயிர்கள், பட்டினியில் நிறுத்தாமல் வெட்டி வெடித்துக்கொண்டிருந்தன.

"சனியன்களா, உங்களை யாரு வெட்டச் சொன்னது?"

அவள் புகாரால் வந்த மெமோவும் கையுமாகப் பின்னால் வந்து நின்றார் சூசை.

"கொஞ்சம் நகருங்கம்மா. யாரு செஞ்சதுன்னு நானும் பாத்துக்கிறேன்."

தமயந்தி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.